விரல் வைத்துப் படிப்பவர்கள்

2023ஆம் வருடம் மழைக்காலம் முழுவதும், சனிக்கிழமை மாலைகளில், சூடான் நாட்டு இளைஞர் ஒருவர் எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஆங்கில இலக்கணம் படித்தார். மாடி வீட்டில் இன்னும் மூன்று மாணவர்களோடு வாடகைக்கு இருந்தவர். வணிகவியல் பட்டப் படிப்பில் சேரப் புனேவுக்கு வந்திருந்தார். அதற்கு முன் ஆங்கிலத் தகுதித் தேர்வு ஒன்றில் தேற வேண்டும். முதல் முறை எழுதித் தோற்றுவிட்டார். அந்த ஏப்ரலில்தான் அவருடைய நாட்டில் போர் மூண்டிருந்தது. ஊருக்குத் திரும்ப வழியில்லை. தேர்வில் தேறாமல் இங்கே நீடிக்கவும் வழியில்லை. "மேடம், நீங்கள் ஆங்கிலத்தில் வேலை செய்பவராமே?" என்று கேட்டபடி ஒரு நாள் வாசலில் வந்து நின்றார்.

நான் ஆங்கிலத்தில் வேலை செய்பவள் இல்லை. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வேலை செய்பவள். இருபது வருடங்களாகச் செய்திகளையும் கட்டுரைகளையும் மொழிபெயர்த்து வருகிறேன். படித்தது தமிழ் எம்.ஏ. இந்த வித்தியாசத்தை அவருக்குப் புரியவைக்க எனக்கு அப்போது ஆங்கிலம் போதவில்லை. உள்ளே வரச் சொல்லிவிட்டேன்.

அப்பா பல்வந்த் சௌக்கில் பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே போய் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம் ஒன்று வாங்கி வந்தேன். பள்ளிக்கூடத்தில் என்னைப் பயமுறுத்திய அதே தடித்த புத்தகம். அதன் ஆசிரியர்களில் ஒருவரான பி.சி. ரென், இந்தியாவில் கல்வித் துறையில் பணியாற்றியவர். பிறகு பிரெஞ்சு அந்நியப் படையைப் பற்றி 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலை 1924இல் எழுதிப் புகழ்பெற்றார் என்பதெல்லாம் வெகு காலம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். வினைச்சொல்லின் கால வாய்பாடுகளை அடுக்கியவருக்கும் பாலைவனச் சண்டைகளை எழுதியவருக்கும் ஒரே கை என்பதை இன்னும் என்னால் முழுதாக நம்ப முடியவில்லை.

முதல் நாளே ஒரு வேடிக்கை. அரபி மொழியில் 'ப்' என்ற வல்லொலி இல்லை. அவர் 'புனே' என்று சொன்னால் 'புத்தி' என்பதில் வரும் மெல்லிய 'பு'வாக ஒலிக்கும். தவறு என்று திருத்தப் போனேன். என் நோட்டுப் புத்தகத்தில் நான் எழுதி வைத்திருந்த 'புனே'யைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே 'பு'தானே? அவருக்கு ஒலி இல்லை. எனக்கு எழுத்து இல்லை.

அப்படித்தான் எல்லாமே இருந்தது. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'எ', 'தி' இரண்டும் உலகில் பாதிப் பேருக்குத் தொல்லை. அரபியில் 'தி'க்கு இணையாக 'அல்' உண்டு. 'எ'க்குத் தனிச் சொல் இல்லை. தமிழில் 'எ'க்கு 'ஒரு' இருக்கிறது. 'தி'க்கு எதுவும் இல்லை. ஆளுக்குப் பாதி. 'இவர் ஆசிரியர்' என்று இரண்டே சொல்லில் நாம் முடித்துவிடுகிறோம். அரபியிலும் அப்படித்தானாம். நடுவில் ஓர் 'இஸ்' எதற்கு என்று அவர் கேட்டபோது நானும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

புனேயில் இப்படி மேஜைகள் நிறைய உண்டு. ஈரான், ஏமன், ஆப்கானிஸ்தான், ஆப்பிரிக்க நாடுகள் என்று எங்கிருந்தோ மாணவர்கள் இந்த ஊருக்குப் படிக்க வருகிறார்கள். பெர்குசன் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்த எஸ்.பி. முஜும்தார் 1971இல் 'சிம்பயாசிஸ்' நிறுவனத்தைத் தொடங்கியதே அயல்நாட்டு மாணவர்களுக்காகத்தான். மஞ்சள் காமாலையில் விடுதி அறையில் தனியாகப் படுத்துக் கிடந்த ஒரு மொரிஷியஸ் மாணவரைப் பார்த்ததுதான் தூண்டுகோல் என்று அவர் சொல்லியிருக்கிறார். ஆங்கிலம் கற்பிப்பதற்கென்றே அந்த நிறுவனம் தனிப் பிரிவு ஒன்றையும் நடத்துகிறது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத ஊரில், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத ஆசிரியரிடம், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத மாணவர் ஆங்கிலம் கற்கிறார். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. வழுக்கும் இடம் எதுவென்று அங்கே வழுக்கி விழுந்தவருக்குத்தானே தெரியும்?

இந்த ஊருக்கும் ஆங்கிலத்துக்கும் உள்ள உறவு பழையது. 1880இல் நியூ இங்கிலீஷ் ஸ்கூலைத் தொடங்கியவர்களில் திலகரும் அகர்கரும் விஷ்ணு சாஸ்திரி சிப்ளூண்கரும் உண்டு. ஆங்கிலத்தைப் 'புலிப்பால்' என்று சிப்ளூண்கர் சொன்னதாக இங்கே இன்றும் சொல்வார்கள். குடித்தால் வீரம் வரும். ஆனால் கறந்து வருவது எளிதல்ல. அவருக்கு முன்பே, 1848இல் பிடே வாடாவில் பெண்களுக்குப் பள்ளி நடத்திய சாவித்ரிபாய் பூலே, 1854இல் வெளிவந்த தம் கவிதை நூலில் ஆங்கிலத்தைத் தாயாகவே அழைத்துப் பாடியிருக்கிறார். ஒடுக்கப்பட்டவர்கள் தலைநிமிர ஆங்கிலம் படியுங்கள் என்றார். புனே பல்கலைக்கழகத்துக்கு 2014இல் அவர் பெயரைச் சூட்டினார்கள். ஒருவருக்குப் புலி, இன்னொருவருக்குத் தாய். எந்தக் கதவுக்கு வெளியே நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது போலும்.

எனக்கு மிகவும் நெருக்கமானவர் பண்டித ரமாபாய். அப்பாவும் அம்மாவும் சொல்லிக் கொடுத்த சமஸ்கிருதத்தால் கல்கத்தாவில் 'பண்டிதை' பட்டம் பெற்றவர். கணவர் இறந்தபின், கைக்குழந்தையோடு 1882இல் புனேவுக்கு வந்தார். வயது 24. அந்த ஆண்டு ஹண்டர் தலைமையிலான கல்விக் குழு இங்கே வந்தபோது அதன் முன் சாட்சியம் அளித்தார். பெண்களுக்குப் பெண் ஆசிரியர்கள் வேண்டும், பெண் மருத்துவர்கள் வேண்டும் என்று சொன்னார். மராத்தியில்தான் சொன்னார். அதை வேறொருவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. அதே காலத்தில் மிஸ் ஹர்ஃபர்ட் என்ற ஆசிரியையிடம் ஆங்கிலம் படிக்க ஆரம்பித்தார். 1883இல் இங்கிலாந்து போனார். 1887இல் 'உயர்சாதி இந்துப் பெண்' என்ற நூல் ஆங்கிலத்திலேயே அமெரிக்காவில் வெளிவந்தது. மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டவர் ஐந்தே வருடங்களில் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாதவர் ஆகிவிட்டார். என் தொழிலில் இருப்பவர்கள் சந்தோஷமாக ஒப்புக்கொள்ள வேண்டிய தோல்வி இது.

நான் ஆங்கிலம் கற்ற விதம் அத்தனை கம்பீரமானதல்ல. தஞ்சாவூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் அரசுப் பள்ளி. கேள்வித்தாளில் ஒரு பத்தி கொடுத்து அதன் கீழே ஐந்து கேள்விகள் கேட்பார்கள். அதற்கு எங்கள் வகுப்பில் ஒரு தந்திரம் வழக்கில் இருந்தது. கேள்வியில் உள்ள பெரிய சொல்லைப் பத்தியில் தேட வேண்டும். அகப்பட்டதும் அந்த வாக்கியத்தை முற்றுப்புள்ளி வரை அப்படியே எடுத்து எழுதிவிட வேண்டும். பத்தி திமிங்கிலத்தைப் பற்றியதா, திப்பு சுல்தானைப் பற்றியதா என்றுகூடத் தெரிய வேண்டியதில்லை. ஐந்துக்கு ஐந்து கிடைக்கும். எனக்குக் கிடைத்தது.

பிறகு வேலைக்கு வந்ததும் லிப்கோ அகராதியும், சிதம்பரநாதன் செட்டியார் தொகுத்த சென்னைப் பல்கலைக்கழக ஆங்கிலம் - தமிழ்ச் சொற்களஞ்சியமும் என்னைக் காப்பாற்றின. வருடங்கள் போகப்போக அகராதியைத் திறப்பது குறைந்தது. ஒரு பத்தியின் முதல் வரியைப் பார்த்ததும் மீதி இப்படித்தான் இருக்கும் என்று தெரிந்துவிடும். இதைத்தான் அனுபவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கடிதம் ஜூலையில் வந்தது.

நாங்கள் இருப்பது கட்கியில். வெடிமருந்துத் தொழிற்சாலையை ஒட்டித் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழும் பகுதி. எங்கள் தெருக்கோடியில் இருந்த ஒரு பெண்ணின் கணவர் தனியார் கம்பெனி ஒன்றில் காவலாளி. அந்த வருடம் திடீரென்று இறந்துபோனார். கம்பெனி கொடுத்திருந்த அறையை அவள் காலி செய்ய வேண்டும். கணவர் பெயரில் சிறிய ஆயுள் காப்பீடு ஒன்று இருந்தது. அதைக் கேட்டு விண்ணப்பித்திருந்தாள். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். அவளுக்கு இந்தியும் மராத்தியும் சரளமாகப் பேச வரும். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது. மகன் ஏழாம் வகுப்பு, மராத்தி மீடியம்.

"அக்கா, என்ன போட்டிருக்காங்க பாருங்க" என்று ஜெராக்ஸ் எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நின்றபடியே பார்த்தேன். வருந்துகிறோம் என்று ஆரம்பித்திருந்தது. தங்கள் கோரிக்கையைப் பரிசீலிக்க இயலாது என்று அடுத்த வரி. போதாதா? இருபது வருட அனுபவமாயிற்றே.

"இல்லேன்னுட்டாங்கம்மா" என்றேன்.

அவள் ஒன்றும் பேசவில்லை. காகிதத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து வந்த சனிக்கிழமை, 'அன்லெஸ்' என்ற சொல்லைப் பற்றிய பயிற்சி. மாணவர் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் அரபியில் ஏதோ எழுதிக்கொண்டார். எப்படி உச்சரிப்பது என்று கேட்டேன். "இல்லா" என்றார். எங்கள் மொழியிலும் 'இல்லாவிட்டால்'தான் என்று சொன்னதும் இருவரும் சிரித்துவிட்டோம். பயிற்சி முடிந்ததும், புத்தகத்தில் உள்ள பத்திகள் அரசர்களையும் நரிகளையும் பற்றியே இருக்கின்றன, உண்மையான காகிதம் ஏதாவது கொடுங்கள் என்று கேட்டார். தேர்வில் கடிதங்களும் வருமாம். மேஜை ஓரத்தில் அந்த ஜெராக்ஸ் கிடந்தது. பெயரும் முகவரியும் இருந்த மேல் பகுதியை மடித்துவிட்டு நீட்டினேன். "மறுப்புக் கடிதம் எப்படி எழுதுவார்கள் என்று பாருங்கள். தெரியாத சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போனேன்.

அவர் விரல் வைத்துப் படிப்பார். ஒவ்வொரு சொல்லின் கீழும் விரல் நிற்கும், நகரும். வலமிருந்து இடமாகப் படித்துப் பழகியவர் இடமிருந்து வலமாகப் போகும்போது விரல் ஒரு துணை. நான் திரும்பி வந்தபோது விரல் ஓர் இடத்திலேயே நின்றிருந்தது.

"மேடம், இது மறுப்பா? மறுப்பு என்றால் எதற்கு முப்பது நாள்?"

வாங்கிப் பார்த்தேன். பரிசீலிக்க இயலாது என்ற இடத்தில் வாக்கியம் முடியவில்லை. அடுத்த சொல் 'அன்லெஸ்'. மூலப் பத்திரமும், சான்றொப்பமிட்ட இறப்புச் சான்றிதழும் இந்தக் கடிதத் தேதியிலிருந்து முப்பது நாட்களுக்குள் வந்து சேராவிட்டால் பரிசீலிக்க இயலாது என்பதுதான் முழு வாக்கியம். தேதியைப் பார்த்தேன். இருபத்திரண்டு நாட்கள் ஓடிவிட்டிருந்தன.

தேநீர் அப்படியே இருந்தது. தெருக்கோடிக்கு ஓடினேன். பூட்டு தொங்கியது. நான் 'இல்லை' என்று சொன்ன நான்காம் நாள், அவள் இரண்டு வளையல்களை அடகு வைத்துச் சற்றுத் தள்ளி வேறு அறைக்கு முன்பணம் கொடுத்துப் போயிருந்தாள். விசாரித்துக் கண்டுபிடித்து விஷயத்தைச் சொன்னேன். நான் தவறாகப் படித்துவிட்டேன் என்பதையும் சொன்னேன். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். "நீங்களே தப்பாப் படிச்சா நாங்கல்லாம் என்னக்கா பண்றது?" என்றுதான் கேட்டாள். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவள் மாதிரி கேட்டாள்.

பத்திரம் தகரப் பெட்டிக்குள் இருந்தது. மாநகராட்சியில் வாங்கிய சான்றிதழ் இருந்தது. சான்றொப்பத்துக்கு இரண்டு நாள் அலைந்தோம். இருபத்தெட்டாம் நாள் நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்து முத்திரை குத்திய ரசீது வாங்கினோம். இரண்டு மாதம் கழித்துப் பணம் வந்தது. வளையல்களை மீட்கும்போது வட்டியை நான் கொடுத்தேன். அதை உதவி என்று சொல்லிக்கொள்ள முடியாது.

அந்த வாக்கியத்தைப் பிறகு பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். தமிழில் நிபந்தனை முன்னால் வந்துவிடும். 'வராவிட்டால் முடியாது' என்போம். முடியாது என்ற சொல் காதில் விழுவதற்குள் எப்போது முடியும் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஆங்கிலக் கடிதம் முடியாது என்று முதலில் சொல்லிவிட்டு நிபந்தனையை வாலில் வைக்கிறது. தலையைப் பார்த்துப் பயந்தவன் வாலைப் பார்ப்பதில்லை.

ஆனால் மொழியின் மேல் பழியைப் போட எனக்கு உரிமை இல்லை. நன்னூல் படித்தவள் நான். பவணந்தி முனிவர் பொருள்கோள் எட்டு வகை என்கிறார். அதில் ஒன்றுக்கு 'அளைமறிபாப்பு' என்று பெயர். பாம்பு வளைக்குள் நுழையும்போது தலையைத் திருப்பி வாலோடு சேர்ப்பதுபோல, செய்யுளின் கடைசியில் உள்ள சொல் இடையிலும் முதலிலும் போய்ப் பொருந்திப் பொருள் தரும். எம்.ஏ. தேர்வில் இதற்கு எடுத்துக்காட்டோடு விடை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். பழம்பாட்டு என்றால் கடைசிச் சீர் வரை போகாமல் பொருள் சொல்ல மாட்டேன். ஒரு கைம்பெண்ணின் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்த காகிதத்தை மட்டும் குழம்பு கொதிக்கும் நேரத்தில் பாதி வரியில் முடித்துவிட்டேன்.

நம் ஊர்களில் ஆங்கிலம் என்றால் பேச்சு என்று ஆகிவிட்டது. முப்பது நாளில் சரளமாகப் பேசலாம் என்று சுவரெல்லாம் விளம்பரம். தயங்காமல் பேசுகிறவரைப் பார்த்து மயங்குகிறோம். தயங்கித் தயங்கிப் படிக்கிறவரைப் பார்த்து இரக்கப்படுகிறோம். ஆனால் ஏழையின் வாசலுக்கு ஆங்கிலம் பேச்சாக வருவது அபூர்வம். அது காகிதமாகத்தான் வருகிறது. வங்கிக் கடன் பத்திரம், மருத்துவமனை ஒப்புதல் படிவம், வாடகை ஒப்பந்தம், காப்பீட்டுக் கடிதம். அங்கே தேவை சரளம் அல்ல; நிதானம். கட்டாயம் தெரிய வேண்டிய சொற்கள் சிறியவை: அன்லெஸ், அன்டில், வித்தின், எக்ஸெப்ட். பெரிய சொற்களை அகராதியில் பார்த்துக்கொள்ளலாம். இந்தச் சின்னச் சொற்கள்தான் கையெழுத்துப் போட்டவனைக் கவிழ்க்கின்றன.

கைபேசி இருக்கிறதே என்று கேட்கலாம். நானும் சோதித்துப் பார்த்தேன். அந்தக் கடிதத்தைப் படம் பிடித்துத் தமிழில் கேட்டபோது நடை கரடுமுரடாக வந்தது. ஆனால் நிபந்தனையும் முப்பது நாளும் தப்பாமல் இருந்தன. இயந்திரத்துக்கு அடுப்பில் குழம்பு இல்லை. எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பும் இல்லை. வெட்கப்பட்டுக்கொண்டேன். அதற்காகக் கைபேசியிடம் முழுப் பொறுப்பையும் கொடுத்துவிட எனக்கு மனமில்லை. அது தவறாகச் சொன்னால் எந்தக் கதவைத் தட்டிக் கேட்பது?

மாணவர் இரண்டாம் முறை தேர்வில் தேறிவிட்டார். காய்ந்த செம்பருத்தியில் தயாரித்த 'கர்கடே' என்ற சிவப்புப் பானத்தை ஒரு பாட்டில் நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். நன்றி சொல்ல வேண்டியவள் நான் என்பதை இந்தத் தடவை சரியான ஆங்கிலத்தில் சொன்னேன். 'எ', 'தி' எதுவும் பிசகவில்லை என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை மாலை மேஜை இப்போதும் காலியாக இல்லை. தெருக்கோடிப் பெண் வருகிறாள். எழுத்துகளை முடித்து, வங்கியில் பணம் எடுக்கும் சீட்டு, மின்கட்டண ரசீது என்று காகிதங்களுக்கு வந்துவிட்டோம். மகனின் பள்ளியிலிருந்து வந்த சுற்றறிக்கை ஒன்றைப் போன வாரம் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். பாதி வரியில் எனக்குப் பொறுமை போய்விட்டது. "அதாவது, இவங்க என்ன சொல்றாங்கன்னா..." என்று ஆரம்பித்தேன்.

அவள் விரலை எடுக்கவில்லை.

"இருங்கக்கா. வரி இன்னும் முடியல."